எழுதியவர் வந்து சொல்ல முடியாத பத்திரம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தபந்தங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் அந்தப் பீரோவைத் திறப்பார்கள். மஞ்சள் பைக்குள் தாய்ப்பத்திரம், வங்கிப் புத்தகம், எல்.ஐ.சி. பாலிசி, ரப்பர் பேண்டு போட்ட வரி ரசீதுகள். சில வீடுகளில் எல்லாவற்றுக்கும் அடியில் நான்காக மடித்த தாள் ஒன்றும் இருக்கும். பெரியவர் தன் கைப்பட எழுதியது. வீடு சின்னவளுக்கு, வயல் பெரியவனுக்கு, பாங்குப் பணம் அம்மாவுக்கு. கீழே தேதியும் கையெழுத்தும். படித்ததும் எல்லாரும் அழுவார்கள். எழுத்து அவருடையதுதான் என்பதில் அந்த வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்காது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் உயில் ஆகாது. அதில் சாட்சிக் கையெழுத்து ஒன்றுகூட இல்லை.

இது கல்நெஞ்சம் போலத் தோன்றும். கொஞ்சம் நின்று யோசித்தால் காரணம் புரியும். கிரயப் பத்திரத்தில் தகராறு வந்தால் விற்றவரையும் வாங்கியவரையும் கோர்ட்டுக்கு அழைத்துக் கேட்கலாம். வாடகை ஒப்பந்தத்திலும் அப்படியே. உயில் பேசத் தொடங்கும்போது எழுதியவர் உயிரோடு இல்லை. 'இது என் கையெழுத்துதான், நான் சுயபுத்தியோடுதான் எழுதினேன்' என்று அவர் வந்து சொல்ல முடியாது. அவருக்குப் பதிலாக வேறு யார் வந்து சொல்வார்கள்? உயில் பற்றிய சட்டம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இந்துக்களின் உயிலுக்கும் கிறிஸ்தவர்களின் உயிலுக்கும் அடிப்படை 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 63-ஆம் பிரிவு கேட்பது மிகக் கொஞ்சம். எழுதுகிறவர் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்திடுவதை ஒவ்வொரு சாட்சியும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது 'இது நான் போட்ட கையெழுத்துதான்' என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அங்கு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பதினெட்டு வயது நிரம்பியவராக, தான் செய்வது என்ன என்று தெரிந்த நிலையில் இருந்தால் யாரும் உயில் எழுதலாம்.

முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம், எழுதுகிறவருக்குத் தெரிந்த மொழியில் எழுதுவதுதான் நல்லது. கையால் எழுதினாலும் தட்டச்சு செய்தாலும் ஒன்றுதான். வக்கீலோ பத்திர எழுத்தரோ எழுதித்தர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. செல்போனில் பேசிப் பதிவு செய்த வீடியோ மட்டும் உயில் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும் ஆகாது. மின்னணு ஆவணங்களுக்கு இடம் கொடுத்த 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே உயிலைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஒழுங்காக எழுதிச் சாட்சி போட்ட உயிலோடு வீடியோவும் இருந்தால் அது துணைச் சான்று, அவ்வளவுதான்.

சாட்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. எழுபத்தைந்து வயதுக்காரர் தன் வயதுள்ள நண்பர்கள் இருவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவார். மரியாதையான மனிதர்கள்தான். ஆனால் உயிலை நிரூபிக்க வேண்டிய நாளில் அவர்களும் இருக்க மாட்டார்கள். சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து, கோர்ட்டுக்கு வரக்கூடிய நிலையில் இருந்தால், அவரை விசாரித்துத்தான் உயிலை நிரூபிக்க வேண்டும் என்கிறது சாட்சியச் சட்டம். இருவரும் இல்லையென்றால் அவர்களில் ஒருவருடைய கையெழுத்தையும் எழுதியவருடைய கையெழுத்தையும் அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். அது முடியாத காரியமல்ல, ஆனால் சுமை. அதனால் எழுதுகிறவரைவிட வயதில் இளையவராக, ஊரில் நிலையாக இருப்பவராக, பெயரும் முகவரியும் தெளிவாக எழுதக்கூடியவராகப் பாருங்கள். அவருக்கு உயிலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதே இல்லை. கையெழுத்துக்கு மட்டும்தான் அவர் சாட்சி. நாள்பட வைத்தியம் பார்த்துவரும் குடும்ப டாக்டர் சாட்சியாக நின்றால் அதைவிட நல்லது இல்லை. பெரியவரின் மனநிலையைப் பற்றிய கேள்விக்கும் அவரே பதில் சொல்லிவிடுவார்.

உயிலில் சொத்து பெறுகிறவர் சாட்சி போடலாமா? வேண்டவே வேண்டாம். கிறிஸ்தவர்களின் உயிலில் சாட்சி போட்டவருக்கோ அவர் கணவன் மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லாமலே போய்விடும். இந்துக்களின் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், பலன் பெறுகிறவரே சாட்சியாக நின்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் கிடைக்காது.

இந்த இடத்தில் 'சந்தேகச் சூழ்நிலை' என்ற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேங்கடாசல ஐயங்கார் வழக்கு என்று வக்கீல்கள் சொல்லும் பழைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்றும் வழிகாட்டி. உயிலைக் காட்டிச் சொத்துக் கேட்கிறவர் சாட்சியை நிறுத்தினால் மட்டும் போதாது. சூழ்நிலையில் சந்தேகம் இருந்தால் அதையும் அவர்தான் போக்க வேண்டும். நடுங்கிய கையெழுத்து, ஆஸ்பத்திரிப் படுக்கையில் எழுதிய தேதி, காரணமே சொல்லாமல் ஒரு பிள்ளையை அடியோடு விட்டது, சொத்து பெறுகிற மகனே பத்திர எழுத்தரைக் கூட்டிவந்து முன்னின்று எல்லாவற்றையும் செய்தது — இவையெல்லாம் சந்தேகத்தின் விதைகள். ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுப்பதோ கொடுக்காமலே விடுவதோ எழுதுகிறவரின் உரிமை. ஆனால் ஏன் என்று இரண்டு வரி எழுதிவிட வேண்டும். 'மூத்தவனுக்கு வெளிநாட்டுப் படிப்புக்கும் வீடு கட்டவும் ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்' என்ற ஒரு வாக்கியம் அண்ணன் தம்பிக்கிடையே பத்து வருட வழக்கைத் தடுத்துவிடும். அந்த வாக்கியத்தில் கோபம் இருக்க வேண்டாம். உயிலில் திட்டி எழுதிய வரியைப் பிள்ளைகள் ஆயுள் முழுக்கச் சுமப்பார்கள்.

உயிலை ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணுமா? அடிக்கடி கேட்கப்படும் இந்தக் கேள்விக்குப் பதில், கட்டாயமில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் உயிலை விருப்பப் பதிவில் வைத்திருக்கிறது. எழுதிய தேதியிலிருந்து இத்தனை மாதத்துக்குள் பதிய வேண்டும் என்ற கெடுவும் கிடையாது. பதியாத உயிலும் செல்லும். பதிந்துவிட்டாலே யாரும் எதிர்க்க முடியாது என்பதும் தவறு. பதிந்த உயிலையும் சாட்சியை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். பதிந்த உயிலைப் பிறகு எழுதிய பதியாத உயில் ரத்து செய்ய முடியும், கடைசி உயில்தான் நிற்கும். பிறகு எதற்குப் பதிவு? சார்பதிவாளர் முன்னால் போய் உட்கார்ந்து, அடையாளம் காட்டி, விரல் ரேகை வைத்தார் என்ற அரசுப் பதிவு ஒன்று கிடைக்கிறது. அசல் தொலைந்தாலும் நகல் இருக்கிறது. செலவும் அதிகமில்லை. என்னைக் கேட்டால் பதிந்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

பதிந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று பெரியவர்கள் தயங்குவது உண்டு. தெரியாது. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகின்றன. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அதில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். அவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும்.

சரி, உயிலே எழுதாமல் போனால்? சட்டம் தானே பிரித்துக் கொடுத்துவிடும், ஆனால் அந்தப் பிரிவினை நாம் நினைத்திருப்பது போல இருக்காது. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தனிச் சொத்து 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள், அம்மா. அம்மா என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாற்பத்தைந்து வயதில் ஒருவர் திடீரென்று போய்விட்டார், மனைவி, ஒரு மகன், ஒரு மகள், ஊரில் அம்மா என்று வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் அவர் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. மனைவி அந்த வீட்டை விற்க நினைத்தால் மாமியார் கையெழுத்து வேண்டும். மாமியாரும் உயில் எழுதாமல் போய்விட்டால், அவருடைய கால் பங்கு அவர் பிள்ளைகள் எல்லாருக்கும் பிரியும். அதாவது கணவரின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லாரும் அந்த வீட்டில் பங்காளிகள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் விடுதலைப் பத்திரத்துக்காக அந்தப் பெண் நான்கு ஊர் அலைய வேண்டியிருக்கும். அப்பாவோ முதல் வகுப்பில் இல்லை. வயதான தகப்பனைத் தாங்கிக்கொண்டிருந்த மகன் உயில் எழுதாமல் இறந்தால், முதல் வகுப்பு வாரிசு ஒருவராவது இருக்கும்வரை தகப்பனுக்குச் சட்டப்படி பங்கே கிடையாது.

பெண்களின் நிலைமை இதைவிட வேதனையானது. ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து முதலில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும். அவர்கள் யாரும் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் பெற்ற தாய் தகப்பனுக்கு. பிறந்த வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளை இல்லாத நிலையில், தகப்பன் வழிக்குத் திரும்பும். அவள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தது திரும்பாது. 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவனைப் பாம்புக்கடியில் இழந்த பெண்ணைப் புகுந்த வீட்டார் வெளியேற்றியிருந்தார்கள். பிறந்த வீடுதான் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தது. வேலை பார்த்து, சேமித்து, உயில் எழுதாமலே இறந்துபோனார். அவர் சேமிப்பு முழுவதும் கணவனின் உறவினர்களுக்கே என்று தீர்ப்பானது. சட்டம் தெளிவாக இருக்கும்போது இரக்கத்தால் அதை மாற்ற முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. ஒரு பக்க உயில் அதை மாற்றியிருக்கும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே பெண்களை, குறிப்பாக இந்துப் பெண்களை, உயில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொண்டது. வேலைக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணிடமும், கணவனை இழந்தவர், பிள்ளை இல்லாதவர், தனியாக வாழ்கிறவர் ஒவ்வொருவரிடமும் இதைக் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

கிறிஸ்தவர்களுக்கு வேறு கணக்கு: உயில் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வேறுபாடில்லாமல். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்துக்களுக்கு அப்படி ஆகாது. முஸ்லிம்களுக்கு ஷரியத். இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயிலால் கொடுக்கலாம். சுன்னி முறையில் வாரிசு ஒருவருக்கே கொடுப்பதாக இருந்தால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அந்த உயில் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

எதையெல்லாம் உயிலில் எழுதலாம்? நமக்கு உரிமை உள்ளதை மட்டும். சுயார்ஜிதச் சொத்து முழுவதும் எழுதலாம். கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் தன் பங்கை மட்டும் எழுதலாம். இங்கே இரண்டு குழப்பங்கள். ஒன்று, மகள்களின் பங்கு. தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தி, அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகத்தில் மகனுக்கு இணையான பிறப்புரிமை கொடுத்தது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்தக் கல்யாண நிபந்தனையையும் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. 'சீர் செய்து அனுப்பிவிட்டோம்' என்று சொல்லி மகளின் பூர்வீகப் பங்கையும் சேர்த்து மகன்களுக்கு உயில் எழுதினால், அந்த அளவுக்கு அது செல்லாது. இன்னொன்று, 'அப்பாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகம்' என்ற நம்பிக்கை. அப்பா தானே சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, வாரிசு முறையில் மகனுக்கு வந்த பங்கு அந்த மகனின் தனிச் சொத்து. அதை அவர் யாருக்கும் எழுதலாம். பேரப்பிள்ளைகள் பிறப்புரிமை கேட்க முடியாது.

நாமினி விஷயத்தில் நடக்கும் தவறு கணக்கில்லாதது. வங்கியில் நாமினியாகப் பெயர் கொடுத்த மகனுக்கே அந்த டெபாசிட் சொந்தம் என்று வீடே நம்பிக்கொண்டிருக்கும். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள். வாங்கி, உரிய வாரிசுகளுக்கோ உயிலில் சொன்னவருக்கோ கொடுக்க வேண்டியவர். ஆயுள் காப்பீட்டுப் பணத்தில் 1983-லும், கம்பெனிப் பங்குகளில் 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காப்பீட்டில் மட்டும் 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினி போடலாம். டெபாசிட்டுக்கு ஆளுக்கு இத்தனை சதவீதம் என்றும் பிரிக்கலாம், லாக்கருக்கு ஒருவர் பின் ஒருவராக மட்டும். நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொல்லும்படி பார்த்துக்கொண்டால் வங்கிக்கும் வீட்டுக்கும் நடுவே யாரும் அல்லாட வேண்டாம்.

வாரிசு சான்றிதழும் இதே வகை மயக்கம். இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்துத் தாசில்தாரிடம் வாங்கும் அந்தத் தாள், இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசு என்று மட்டும் சொல்கிறது. யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. உயில் இருக்கிறதா என்பதைப் பற்றியும் அதற்குக் கவலையில்லை. பட்டாவில் பெயர் மாற்றியதும் உரிமை வந்துவிட்டதாக நினைப்பதும் அப்படித்தான். பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. வங்கிப் பணம், பங்கு, கடன்பத்திரம் போன்றவற்றை வசூலிக்கக் கோர்ட் கொடுக்கும் வாரிசுரிமைச் சான்று வேறு. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் ஒன்றைக் கேட்டவரிடம் இன்னொன்றை நீட்டி, ஜனங்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

இனி புரொபேட். உயில் உண்மையானது, கடைசியானது, முறையாக எழுதப்பட்டது என்று கோர்ட் ஆராய்ந்து முத்திரை போட்டுக் கொடுக்கும் சான்றுக்கு அந்தப் பெயர். உயிலை நிறைவேற்ற எழுதியவர் நியமித்த ஆளுக்குத்தான், அதாவது எக்ஸிகியூட்டருக்குத்தான், புரொபேட் கிடைக்கும். அப்படி யாரையும் நியமிக்காமல் விட்டிருந்தால் சொத்து பெறுகிறவர் உயிலை இணைத்து நிர்வாக உரிமைக் கடிதம் கேட்க வேண்டும்.

சென்னைக்காரர்களுக்குப் புரொபேட் என்றாலே பல்லாண்டுப் பயம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 213-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பழைய மதராஸ், பம்பாய், கல்கத்தா ராஜதானி நகரங்களின் மிச்சம் அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி எல்லைக்குள் எழுதிய இந்துவின் உயில், அல்லது அந்த எல்லைக்குள் உள்ள வீடு நிலம் பற்றிய உயில் என்றால், புரொபேட் இல்லாமல் கோர்ட்டில் அதை வைத்து உரிமை கேட்க முடியாமல் இருந்தது. மயிலாப்பூர் வீட்டுக்குப் புரொபேட் வேண்டியிருந்தது. தாம்பரத்து வீட்டைப் பற்றித் தாம்பரத்திலேயே எழுதிய உயிலுக்கு வேண்டியிருக்கவில்லை. முஸ்லிம்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-இல் எடுத்துவிட்டார்கள். ஒரே நாட்டில் மதத்தையும் ஊரையும் பார்த்து மாறிய இந்த விதியை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றிய நீக்கல், திருத்தச் சட்டம் மொத்தமாக எடுத்துவிட்டது. வெகுகாலம் தாமதமான நல்ல காரியம்.

கட்டாயம் போய்விட்டது என்றால் புரொபேட்டே போய்விட்டது என்று பொருளில்லை. கேட்கிறவருக்கு இன்றும் உண்டு. பிள்ளைகளுக்குள் ஒற்றுமை இருந்தால், சொத்து எளியதாக இருந்தால் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றால், சொத்து மதிப்பு பெரிதாக இருந்தால், வாங்க வருகிறவர் 'இந்த உயிலை நாளை யாராவது எதிர்த்தால்?' என்று தயங்கினால், வாங்கிவிடுவது நல்லது. சாதாரணத் தீர்ப்பு வழக்கில் இருந்தவர்களை மட்டும் கட்டும். புரொபேட் ஊர் உலகத்துக்கே செல்லும். சென்னையில் உயர் நீதிமன்றத்திலும் மற்ற இடங்களில் மாவட்ட நீதிமன்றத்திலும் மனுச் செய்யலாம். இறப்புச் சான்றிதழ், அசல் உயில், சொத்து விவரம், ஒரு சாட்சியின் பிரமாணப் பத்திரம் வேண்டும். இறந்து ஏழு நாள் கழிந்த பிறகே புரொபேட் தருவார்கள். நெருங்கிய உறவினர்களுக்கு நோட்டீஸ் போகும், பத்திரிகையில் விளம்பரம் வரும். யாரும் எதிர்க்கவில்லையென்றால் காரியம் சுலபம். யாராவது கேவியட் என்னும் எதிர்ப்பு மனுப் போட்டால் அதே மனு வழக்காக மாறி, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என்று நீளும். நாள்தோறும் ஆறப்போட்டுக்கொண்டே போவதும் ஆபத்து. மனுச் செய்யும் உரிமை எழுந்ததிலிருந்து மூன்று ஆண்டுக் காலவரம்பு இதற்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

உயில் எதற்கு, இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். கடைசி மூச்சு வரை சொத்து நம்முடையது. செட்டில்மெண்ட் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும், நினைத்தால் திரும்ப வாங்க முடியாது. வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு அதே வீட்டுத் திண்ணையில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் முதியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, நிபந்தனையை மீறினால் ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் வாதம் உறுதியாக நிற்கும். ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையும் சாப்பாடு, வைத்தியப் பொறுப்பும் எழுதாத செட்டில்மெண்டில் எந்தப் பெரியவரும் கையெழுத்துப் போடக் கூடாது. தூக்கம் வராத வயதில் உயில்தான் நிம்மதி.

மனவளர்ச்சிக் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பிள்ளையைப் பெற்றவர்களுக்கு உயில் என்பது வேறு விஷயம். 'எங்களுக்குப் பிறகு யார்?' என்ற கேள்வியோடு தினமும் விழிக்கிறவர்கள் அவர்கள். அந்தப் பிள்ளையின் பெயருக்கே நேரடியாக வீட்டை எழுதிவிட்டால் அவரால் வாடகை வசூலிக்கவோ வங்கியில் கையெழுத்திடவோ முடியாமல் போகலாம். உயில் வழியாகவே ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தி, இரண்டு மூன்று பேரைப் பொறுப்பாளர்களாக நியமித்து, சொத்தின் வருமானம் அந்தப் பிள்ளையின் ஆயுள் வரை அவருக்கே செலவாக வேண்டும் என்று எழுதலாம். பதினெட்டு வயதைத் தாண்டினாலும் பாதுகாவலர் வேண்டும் என்ற நிலை இருந்தால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமித்துக் கொடுக்கும். பெற்றவர்கள் இருக்கும்போதே அதற்கு மனுச் செய்துவிடுவது நல்லது. மற்றப் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தாலும் அவர்களுக்குப் பாதுகாவலர் யார் என்பதை உயிலில் எழுதலாம்.

கடன் பற்றியும் வரி பற்றியும் சுருக்கமாக. அப்பா வாங்கிய கடனுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்துதான் பொறுப்பு. வாரிசுகளுக்கு வந்த சொத்தின் அளவுக்குமேல் அவர்கள் சொந்தப் பணத்திலிருந்து யாரும் கேட்க முடியாது. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அது தனிக்கதை. இறந்தவர் சொத்துக்கு வரி இந்தியாவில் 1985-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. உயில் வழி வந்த சொத்தைப் பெறுகிறவர் வருமானமாகக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. பிறகு அதிலிருந்து வரும் வாடகைக்கும் விற்ற லாபத்துக்கும் வரி உண்டு.

எழுத உட்காரும்போது சில விஷயங்களில் கவனம் வேண்டும். சொத்து விவரத்தில் சர்வே எண், கதவிலக்கம், நான்கு எல்லை, பத்திர எண், சார்பதிவாளர் அலுவலகம் எல்லாம் வரட்டும். பெறுகிறவர் நமக்கு முன்னால் போய்விட்டால் அது யாருக்கு என்று மாற்றுப் பெயர் சொல்லுங்கள். 'மேலே சொல்லாமல் விட்டதும் இனி நான் தேடப்போவதுமான சொத்துகள் அனைத்தும் இன்னாருக்கு' என்ற வரியை மறக்காதீர்கள். அது இல்லாததால் லாக்கர் நகைக்கு மட்டும் தனி வழக்கு நடந்த குடும்பங்கள் உண்டு. முந்தைய உயில்கள் எல்லாம் ரத்து என்று எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இருந்தால் அதற்கும் கையெழுத்து, அங்கே சாட்சிகளும் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் யார் படித்துக் காட்டினார் என்பதும், அதைக் கேட்டு அவர் ஒப்புக்கொண்டார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக, அசல் எங்கே இருக்கிறது என்று எக்ஸிகியூட்டருக்குத் தெரிய வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. எழுதியவர் தன்னிடமே வைத்திருந்த அசல், இறந்தபின் கிடைக்காமல் போனால், அவரே கிழித்துவிட்டார் என்று கருத இடம் உண்டு. இல்லை என்று காட்டும் பாரம் உயிலை நம்பி வருகிறவர் தலையில் விழும். தன் பெயரில் மட்டும் உள்ள வங்கி லாக்கரில் வைப்பதும் சரிப்படாது. அந்த லாக்கரைத் திறக்க உயில் கேட்பார்கள், உயில் லாக்கருக்குள் இருக்கும். வீட்டில் வைக்க நம்பிக்கையில்லாதவர்களுக்கு அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்று பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. உயிலை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, மேலே தன் பெயரை எழுதி மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அவர் பிரித்துப் பார்க்க மாட்டார். இரும்புப் பெட்டியில் வைப்பார். மனசு மாறினால் எழுதியவர் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர் இறந்த பிறகு ஒருவர் மனுக் கொடுத்தால், அந்த மனுதாரர் எதிரிலேயே உறையைப் பிரித்து, மூன்றாம் புத்தகத்தில் நகல் எடுத்துக்கொண்டு, அசலைத் திரும்பவும் உள்ளே வைத்துப் பூட்டுவார்.